எங்கள் பண்டிட் சாப்பைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் அமெரிக்க ராணுவத்தின் மூத்த படைப் பாதிரியார் ஒருவரின் வாழ்க்கையை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். நாகலூர் டீக்கடையில் நின்றபடியே முழுதும் படித்துவிட்டு, அப்புறம் வீட்டுக்கு எடுத்து வந்து இன்னொரு முறையும் படித்தேன். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் படித்து முடித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதே வேலையை நம் ராணுவத்தில் 26 வருஷம் செய்த ஒரு மனிதர் சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு சந்துக்குள் குடியிருந்து போன ஐப்பசியில் காலமானார், அவரைப் பற்றி எங்கேயும் ஒரு வரி வரவில்லை.

நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் 24 வருஷம் இருந்து 2016இல் ஹவில்தாராக வெளியே வந்தவன். இப்போது மலைமேல் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு என்று இருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் திருத்திப் போடுங்கள்.

அவர் சாவுக்கு நான் மலையிலிருந்து இறங்கிப் போயிருந்தேன். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவர் பட்டாளத்தில் என்னவாக இருந்தார் என்றே தெரியவில்லை. "ஏதோ அங்க கோயில்ல பூசாரியா இருந்தாராம்" என்று ஒருவர் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு அலுவலகத்தில் அவர் மகனிடம், சாமி கும்பிட்டதற்கா பென்ஷன் என்று ஒரு ஆள் கேட்டிருக்கிறார். மகன் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டானாம். எனக்கு அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் சரியில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பூசாரி என்பது கேவலமான வேலை இல்லை. எங்கள் சேர்வராயன் கோயில் பூசாரியை நான் கையெடுத்துக் கும்பிடுகிறவன். ஆனால் ராணுவத்தில் மத ஆசிரியர் என்பது வேறு வேலை. இந்து என்றால் சிப்பாய்கள் பண்டிட்ஜி, பண்டிட் சாப் என்பார்கள், சீக்கியர் என்றால் கிரந்தி, முஸ்லிம் என்றால் மௌல்வி, கிறிஸ்தவர் என்றால் பாத்ரே, பௌத்தருக்குப் பிக்கு. எங்கள் பல்டனில், அதாவது பட்டாலியனில், தமிழ்ப் பசங்கள் மட்டும் அவரைச் சாமி என்றே கூப்பிடுவோம். அவர் நேரடியாக நாயப் சுபேதாராகச் சேர்ந்தவர், அதாவது தோளில் நட்சத்திரத்தோடு உள்ளே வந்த ஜேசிஓ (சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் நடுவில் உள்ள பதவி). சேரும்போது வயது 28. அதற்கு முன்னால் சென்னையில் சமஸ்கிருதம் படித்துப் பட்டம் வாங்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகவும் இருந்திருக்கிறார். சேர்ந்தது 1988இல். அப்புறம் சுபேதார், கடைசியில் சுபேதார் மேஜர். ஒரு குடியரசு தினத்தன்று கௌரவ லெப்டினென்ட் கொடுத்தார்கள். 2014இல் 54 வயதில் ஓய்வு.

இதுதான் நம் ராணுவத்தில் ஒரு மத ஆசிரியர் ஏறக்கூடிய முழு ஏணி. உங்கள் கட்டுரையில் வந்த அமெரிக்கர் கேப்டனாக ஆரம்பித்துக் கர்னல் வரை போயிருக்கிறார். நீங்கள் படைப் பாதிரியார் என்று எழுதியவர்களை அங்கே சேப்ளின் என்பார்கள். அவர்களுக்கு மேலே தலைமைச் சேப்ளின் என்று ஒருவர் மேஜர் ஜெனரல் பதவியிலேயே இருக்கிறார். 1775 ஜூலையில், அந்த நாடு பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னாடியே, சேப்ளின்களுக்குச் சம்பளம் போட்டுவிட்டார்கள். பிரிட்டிஷ்காரர்கள் 1796இல் தனித் துறையே வைத்துவிட்டார்கள். நம்மிடம் அப்படித் தனிப் படைப்பிரிவும் இல்லை, மத ஆசிரியர் வேலைக்கென்று அதிகாரிப் பதவியும் இல்லை.

இதைப் பற்றி அவரிடமே நான் ஒருமுறை கோபமாகப் பேசியிருக்கிறேன். உங்கள் வயதில் பாதி இருக்கிற லெப்டினென்டுக்கு நீங்கள் சல்யூட் அடிக்கிறீர்களே சாமி, வெளிநாட்டில் உங்களை மாதிரி ஆளுக்கு ஜெனரலே வழிவிடுவாராமே என்றேன். அவர் சிரித்தார். "நான் ஆபீசரா இருந்திருந்தா நீ வந்து என் கட்டில்ல உக்காந்து அழுதிருப்பியா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அதற்கு முந்தின வருஷம் நான் அவர் கட்டிலில் உட்கார்ந்து அழுதவன்தான். அப்பா இறந்த தந்தி கையில் இருந்தது, பனியில் பாதை மூடிக் கிடந்தது, ஊர் போய்ச் சேர வழியே இல்லை. மலைமேல் அப்பாவுக்கு யார் கொள்ளி வைத்தார்கள் என்பதுகூட எனக்கு இருபது நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ராத்திரி அவர் எனக்கு ஒரு மந்திரமும் சொல்லவில்லை. ஸ்டவ்வில் டீ போட்டார். உன் அப்பா என்ன வேலை செய்வார், ஏற்காட்டில் காப்பி எந்த மாசம் பூக்கும், எந்த மாசம் பழம் எடுப்பீர்கள் என்று விடியும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். காலையில் அவரே குளிக்கச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் கொடுத்து, அந்தக் குளிரில் கூடவே நின்று செய்ய வேண்டியதைச் செய்ய வைத்தார். அவ்வளவு உயரத்தில் எள் எங்கிருந்து கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பிற்பாடு யோசித்துப் பார்த்தால், இப்படி ஒரு நாள் வரும் என்று முன்னாடியே தெரிந்து பெட்டியில் வைத்திருந்திருக்கிறார்.

சிப்பாய்கள் அவரிடம் மனசு திறந்து பேசியதற்கு ஒரு எளிய காரணம் உண்டு, வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. பட்டாளத்தில் உன்னைச் சுற்றி இருக்கிற ஒவ்வொரு பெரியவரும் உனக்கு ஏதாவது ஒன்றைத் தரவோ தடுக்கவோ முடிந்தவர். லீவு ஒருவர் கையில், ட்யூட்டி லிஸ்ட் ஒருவர் கையில், ப்ரமோஷன் இன்னொருவர் கையில். மத ஆசிரியர் கையில் மட்டும் எதுவும் இல்லை. அதனால் அவரிடம் பயமில்லாமல் பேசலாம். அமெரிக்கப் படையில் சேப்ளினிடம் ஒரு சிப்பாய் அந்தரங்கமாகச் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லக் கூடாது என்று விதியே இருக்கிறதாம். எங்கள் சாமி விதியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டவர் இல்லை, அவர் சுபாவமே அது. லங்கரில், அதாவது பட்டாளச் சாப்பாட்டுக்கூடத்தில், ஒருவன் இரண்டு நாள் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் மூன்றாம் நாள் அவன் பக்கத்தில் இவர் உட்கார்ந்திருப்பார். மனைவியோடு சண்டை, ஊரில் நிலத்தகராறு, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன், இப்படித்தான் முக்கால்வாசி இருக்கும். எத்தனை பசங்கள் துப்பாக்கியைத் தங்கள் பக்கமே திருப்பிக்கொள்ளாமல் ஊர் வந்து சேர்ந்தார்கள் என்பதற்குக் கணக்கு எந்த ரெஜிஸ்டரிலும் கிடையாது. எனக்கு நேரடியாகத் தெரிந்தே ஒருவன் இருக்கிறான். இப்போது இரண்டு பெண் குழந்தைகளோடு நன்றாக இருக்கிறான், அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. சேப்ளின் என்றதும் படைப் பாதிரியார் என்றே கட்டுரை முழுக்க எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல் கிறிஸ்தவத்திலிருந்து வந்தது உண்மைதான். மார்ட்டின் என்ற ரோமானியச் சிப்பாய் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் போர்வையை வாளால் பாதியாக வெட்டிக் கொடுத்தாராம், அந்தப் போர்வையைப் பாதுகாத்து வைத்த குருமார்களுக்கு வந்த பெயர்தான் சேப்ளின் என்று சாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு அந்தப் பெயரில் யூதரும் முஸ்லிமும் இந்துவும் இருக்கிறார்கள். 2011இல் அமெரிக்க ராணுவத்தின் முதல் இந்து சேப்ளின் ஆனவர் இந்தியாவில் பிறந்த பிரதிமா தர்ம் என்ற பெண். நம் ராணுவத்தில் இந்த வேலைக்கு வரும் அறிவிப்புகள் ஆண்களுக்கு மட்டும்தான் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், அது மாற வேண்டும் என்பது என் எண்ணம்.

நம் ஊரில் கோயில், மசூதி, சர்ச் மூன்றும் தனித்தனித் தெருவில் இருக்கும். பட்டாளத்தில் பல இடங்களில் சர்வ தர்ம ஸ்தல் என்று ஒரே கூரைக்குக் கீழே எல்லாம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மந்திர் பரேடுக்கு எல்லோரும் வருவோம், பட்டாலியன் தலைவரான சிஓ எந்த மதத்துக்காரராக இருந்தாலும் சிப்பாய்களோடு தரையில் உட்காருவார். ஆயுத பூஜைக்குச் சாமி துப்பாக்கிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார், ரம்ஜானுக்குப் பாய் வீட்டுப் பசங்களுக்கு விடியற்காலைச் சாப்பாடு சூடாகக் கிடைக்கிறதா என்று லங்கருக்குப் போய்ப் பார்ப்பதும் இவராகத்தான் இருக்கும். சேர்ந்த புதிதில் எல்லா மத ஆசிரியர்களையும் புனேயில் தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில் ஒன்றாக வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். அங்கே ஒரு பாத்ரேயும் ஒரு மௌல்வியும் இவரும் நெருங்கிய சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள், சாகும்வரை கடிதப் போக்குவரத்து இருந்தது.

நான் 1992இல் வெலிங்டனில் கசம் பரேடில், அதாவது சிப்பாய் உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பில், நின்றபோது என் முன்னால் ஒரு மத ஆசிரியர் கீதையோடு நின்றார், பக்கத்தில் பைபிளோடு ஒருவர், குரானோடு ஒருவர். அன்றைக்கு அது ஏதோ சடங்கு என்றுதான் நினைத்தேன். அது சடங்கு இல்லை என்று எனக்குப் புரிய எட்டு வருஷம் ஆயிற்று.

அதைச் சொல்கிறேன். காஷ்மீரில் உயரமான ஒரு போஸ்டில் இருந்தோம். பிப்ரவரி மாசம். பனிச்சரிவில் எங்கள் பையன் ஒருவன் போய்விட்டான், கன்னியாகுமரி மாவட்டம், கிறிஸ்தவன், வயது 22. உடலைத் தோண்டி எடுத்துவிட்டோம். ஆனால் ஹெலிகாப்டர் வர முடியாத வானிலை, பாத்ரே சாப் கீழே தலைமையிடத்தில் இருந்தார், அவரால் ஏறி வர முடியாது. நாலு நாள் அந்த உடலோடு நாங்கள் ஒன்பது பேர். சாமி அதற்கு முந்தின வாரம்தான் போஸ்டுகளைப் பார்க்க ஏறி வந்து எங்களோடு மாட்டிக்கொண்டிருந்தார். முதல் நாள் சாயந்தரம் அந்தப் பையன் பெட்டியைத் திறந்து அவன் அம்மா கொடுத்தனுப்பிய தமிழ் பைபிளை எடுத்தார். பூணூல் போட்ட மனிதர், நெற்றியில் விபூதி, அந்தப் பைபிளில் 23ஆம் சங்கீதத்தைத் தேடி எடுத்து, குரல் நடுங்காமல் முழுதும் வாசித்தார். நாலு நாளும் சாயந்தரம் வாசித்தார். மூன்றாம் நாள் எங்களில் சிலருக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது, கூடவே சொன்னோம். ஐந்தாம் நாள் வானம் திறந்தது. கீழே பாத்ரே சாப் பெட்டிமேல் கை வைத்து ஜெபம் பண்ணும்போது இவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒரு ஓரமாக நின்றிருந்தார்.

அந்தப் பையனின் அம்மாவுக்கு அவர் ஒவ்வொரு பிப்ரவரியும் தமிழில் ஒரு கடிதம் போட்டார், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த அம்மா அவர் சாவுக்கு வந்திருந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து ராத்திரி ரயில் ஏறி, எழுபது வயதுக்கு மேல், மருமகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. அந்தக் கடிதங்களை எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். தெருவே நின்று பார்த்தது. பூசாரி என்று சொன்ன அந்த ஆளும்தான் பார்த்தார்.

வெளிநாட்டுக் கதைகளையும் சாமிதான் எங்களுக்குச் சொல்வார். 1943 பிப்ரவரியில் கிரீன்லாந்து பக்கம் டார்செஸ்டர் என்ற கப்பல் டார்பிடோ பட்டு முழுகியபோது அதில் நாலு சேப்ளின்கள் இருந்தார்கள், இரண்டு பேர் புராட்டஸ்டண்ட், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் யூதர். லைஃப் ஜாக்கெட் போதாமல் போனபோது நாலு பேரும் தங்களுடையதைக் கழற்றி யார் எதிரே நின்றார்களோ அவர்களிடம் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார்கள். வாங்கிக்கொண்டவன் என்ன மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை என்று சாமி ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வார். இன்னொருவர் ஜேம்ஸ் வில்லியம் ஆடம்ஸ், இந்தியாவில் வேலை பார்த்தவர். 1879 டிசம்பரில் காபூல் பக்கத்தில், குதிரையோடு பள்ளத்தில் விழுந்து அடியில் சிக்கிக்கொண்ட வீரர்களை எதிரி நெருங்கி வரும்போதே தண்ணீரில் இறங்கி இழுத்துக் காப்பாற்றினார். விக்டோரியா கிராஸ் கொடுக்கலாம் என்று பார்த்தால் அவர் சிப்பாய் இல்லை, விதி இடம் கொடுக்கவில்லை. 1881இல் விதியையே மாற்றிக் கொடுத்தார்கள். படையில் குருமார் யார் என்று உலகத்துக்கே ஒரு புரிதல் உண்டு. 1864இல் போட்ட முதல் ஜெனீவா ஒப்பந்தத்திலேயே, காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்களோடு சேர்த்து இவர்களையும் காப்பாற்ற வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். எதிரியிடம் அகப்பட்டாலும் இவர்கள் போர்க்கைதி இல்லை, தங்கள் ஆட்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய விட வேண்டும் என்று 1949 ஒப்பந்தம் சொல்கிறது. டாக்டருக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள். நம் தெருவில்தான் தெரியவில்லை.

சரி, உங்கள் பேப்பரைப் பிள்ளைகளும் பெற்றோரும் படிக்கிறார்கள், அவர்களுக்காகச் சில விவரம். இந்த வேலைக்கு ராணுவம் அவ்வப்போது ஆள் எடுக்கிறது. 2022 கடைசியில் வந்த அறிவிப்பில் 128 இடங்கள், அதில் 108 பண்டிட், பாத்ரே இரண்டே இரண்டு. 25 வயது முடிந்திருக்க வேண்டும், ஏதாவது ஒரு பட்டப்படிப்பு வேண்டும். 1.6 கிலோமீட்டரை எட்டு நிமிஷத்தில் ஓட வேண்டும், பொது அறிவு ஒரு தாள், தன் மதத்தைப் பற்றி ஒரு தாள், அப்புறம் நேர்முகம். பாத்ரே என்றால் முறைப்படி குருப்பட்டம் பெற்று, ஆயரின் அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாயில் ஆரம்பிக்கிறது, படிகள் தனி.

பண்டிட் வேலைக்குச் சமஸ்கிருதத்தில் ஆச்சார்யா, இல்லையென்றால் சாஸ்திரி பட்டத்தோடு கர்மகாண்ட (சடங்கு முறை) டிப்ளமோ கேட்கிறார்கள். இங்கேதான் எனக்கு வருத்தம். நம் ஊரில் தேவாரம் படித்த ஓதுவார்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அரசு அர்ச்சகர் பள்ளியில் படித்து எல்லாச் சாதியிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அதில் பட்டதாரிகளும் உண்டு. அந்தச் சான்றிதழ் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு தமிழ்ச் சிப்பாய் செத்துக் கிடக்கும்போது அவன் காதுக்குத் தெரிந்த பாட்டைப் பாடத் தெரிந்தவன் பக்கத்தில் இருக்க வேண்டாமா? எங்கள் சாமிக்குச் சமஸ்கிருதமும் தெரியும், திருவாசகமும் தெரியும். எங்கள் ஆட்கள் யாராவது போய்விட்டால் சம்பிரதாய மந்திரத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில் திருவாசகத்தில் நாலு வரி பாடுவார், அப்போதுதான் நாங்கள் உடைந்து அழுவோம். தமிழக எம்பிக்கள் யாராவது இதைப் பாதுகாப்பு அமைச்சகத்தில் கேட்க வேண்டும், நம் பேப்பர்கள் கேட்க வைக்க வேண்டும்.

பதவி விஷயத்திலும் சாமியோடு நான் இன்னும் உடன்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழ ஒரு ஜேசிஓ வேண்டும் என்பது சரிதான், பல்டனில் இருக்கிறவர் அப்படியே இருக்கட்டும். ஆனால் இந்த வேலையையே வாழ்க்கையாகச் செய்த ஒருவர் மேலே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, போஸ்டுக்குப் பாத்ரே ஏறி வர முடியாத பிப்ரவரிகளைப் பற்றி ஜெனரலிடம் நேரடியாகப் பேச முடிந்தால் என்ன கெட்டுவிடும்?

அவர் எழுதி வைத்த நாலு டைரிகள் மகனிடம் இருக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் இறந்த பசங்களின் பெயர், ஊர், அம்மா அப்பா பெயர், என்ன மதம், அவனுக்காக என்ன வாசித்தார் என்று தேதி போட்டு எழுதியிருக்கிறார். மகன் யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பீரோவில் வைத்திருக்கிறான். உங்கள் சேலம் நிருபரை ஒரு நாள் அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். முன்னாடியே ஒரு போன் செய்தால் போதும், நான் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்து பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், வீட்டுக்கு நானே கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார் ஒருவர்,
நாகலூர், ஏற்காடு.